நீளப் படத்தில் இரண்டு பெர்னீஸ்

கோதுமைச் சமவெளியில் லீடா என்ற சின்ன ஊரில், ஜுவல் தியேட்டரின் முன்கூடத்தில், சோளப்பொரி இயந்திரத்துக்கு மேலே, ஒரு புகைப்படம் மாட்டியிருக்கிறது. உயரம் ஒரு சாண்தான் இருக்கும். நீளம் தேவாலயத்து பெஞ்சு அளவு. 1938ஆம் வருஷத்துக் கோடையில், தியேட்டருக்குப் புது விளக்குப் பலகை வைத்தபோது எடுத்தது. ஊர் முழுக்க அதில் நிற்கிறது. முதல் தடவை படம் பார்க்க வரும் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பெர்னீஸ் எங்க, காட்டு" என்று கேட்பது இங்கே வழக்கம். குழந்தை இடது ஓரத்தில் விரல் வைக்கும். "சரி, இன்னொரு பெர்னீஸ்?" என்று கேட்பார்கள். குழந்தை கொஞ்ச நேரம் விழித்துவிட்டு வலது ஓரத்துக்குப் போகும். பிறகு இறக்கிவிட்டால் அழும். படத்தில் இருக்கும் நாயையும் காட்ட வேண்டும். நானும் அப்படி அழுத குழந்தைதான்.

இடது ஓரத்து பெர்னீஸ் தொப்பி, கையுறை எல்லாம் போட்டுப் பல் பிடுங்கக் காத்திருப்பவள் போல நிற்கிறாள். வலது ஓரத்தில் தொப்பி இல்லை. தலைமுடி அவிழ்ந்து ஒரு கண்ணை மறைக்கிறது. வாய் திறந்திருக்கிறது. கடைவாய்ப் பல்வரை தெரிகிறது.

பெர்னீஸ் கோவாரிக் ஜுவலின் டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தவள். அவள் அப்பா டயர் ஒட்டுபவர். அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான், அவரும் அதற்குமேல் எதையும் சொன்னதில்லை. அம்மா ஆல்பினா வேறு ரகம், அவர் பின்னால் வருகிறார். தியேட்டர் முதலில் மாட்டுத்தீவனக் கடையாக இருந்தது. பேசாத படக் காலத்தில் மழை பெய்தால் பழைய தீவன வாசனை எழும்பும், பியானோ வாசிக்கும் பெண் தும்முவாள், அந்தத் தும்மல் சோகக் காட்சியில் வந்து விழும். படங்கள் பேச ஆரம்பித்ததும் பியானோ போய்விட்டது. பெர்னீஸ் வந்தாள். டெலிவிஷன் வந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

கூண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தது. கண்ணாடியில் பேசுவதற்கு ஒரு வட்ட ஓட்டை. அதன் வழியாக அவள் டிக்கெட்டோடு அறிவுரையும் கொடுப்பாள். "அழுகாச்சிப் படம். கைக்குட்டை இருக்கா?" "மாமா, முன் வரிசை வேண்டாம், குதிரை நெறைய வருது." பிடிக்காத ஆள் வந்தால் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொல்வாள்: "டாக்டர்தான் கொலகாரன்." அதனாலேயே லீடாவில் எல்லோரும் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

நல்ல காலம் இல்லை அது. புழுதிக்காற்று கோதுமையைத் தின்றுகொண்டிருந்தது. படம் பார்க்க ஆள் குறைந்தபோது முதலாளி எமில் ஹாவெல்கா பீங்கான் செவ்வாய் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை வரும் பெண்களுக்கு டிக்கெட்டோடு ஒரு பீங்கான் பாத்திரம் இனாம். இளஞ்சிவப்பு ரோஜா போட்ட பாத்திரங்கள். ஒரு வாரம் தட்டு, ஒரு வாரம் கோப்பை என்று முழு செட்டும் சேர்த்துவிடலாம். மற்ற ஊர்களில் ஒழுங்காக வரிசைப்படி கொடுத்தார்களாம். ஹாவெல்கா எல்லாம் கலந்து கிடக்கும் மரப்பெட்டிகளாக வாங்கினார். அதனால் இங்கே ஒரு சட்டம் உண்டு. கூண்டு கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். மாற்றிக் கேட்கக் கூடாது. வெளியே போய் அடுத்தவளோடு மாற்றிக்கொள்ளலாம், கூந்தலையும் பிடித்துக்கொள்ளலாம், அது கூண்டின் பொறுப்பு இல்லை. படம் ஓடும்போது மடியிலிருந்து எதாவது விழுந்து உடையும். அரங்கமே கை தட்டும்.

ஆல்பினா ஒரு செவ்வாயும் தவறவிட்டதில்லை. காரணம் பெர்னீஸின் கல்யாணம். தானியக் கிடங்கு வைத்திருந்த டெஸாரின் மகன் ஆல்வினுக்கு அவளைக் கொடுப்பதாக, ஞாயிறு பூசை முடிந்து பாதிரியார் காதில் விழும்படி ஆல்பினா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார்.

"செட்டு முடியட்டும். மூளிச் செட்டோட என் பொண்ணு அந்த வீட்டுப் படி ஏற மாட்டா."

ஆல்வின் நல்லவன். சிக்கலே அதில்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உட்கார்ந்து கோதுமையில் ஈரம் எவ்வளவு இருக்கலாம் என்று சொல்வான். போகும்போது நாற்காலியை இருந்த இடத்தில் திருப்பி வைப்பான். ஏன் வேண்டாம் என்று கேட்டால் பெர்னீஸிடம் பதில் இல்லை. கோதுமை ஈரத்தை ஒரு காரணமாகப் பாதிரியாரிடம் போய்ச் சொல்ல முடியாது.

ஆனால் கூண்டில் இருந்தவள் அவள்.

ஆல்பினாவுக்குத் தட்டுகள் சேர்ந்துவிட்டன. கோப்பைகள் சேர்ந்துவிட்டன. மீதி இருந்தவை இரண்டு: வாத்து வறுத்து வைக்கும் பெரிய நீள்வட்டத் தட்டு, சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி. மூடி லீடாவில் ஒருத்திக்கும் வந்ததில்லை. கம்பெனிக்காரன் மூடியே செய்யவில்லை என்று ஊர் முடிவு கட்டியிருந்தது, ஹாவெல்காவும் அப்படியே நம்பினார். ஆகவே தட்டு வந்தால் போதும், மூடி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆல்பினா மனம் இறங்கியிருந்தார். பெர்னீஸ் வாராவாரம் அம்மாவுக்கு மூக்கு வைத்த குழம்புக் கிண்ணம் கொடுத்தாள்.

"மறுபடி இதுவாடி?"

"கைக்கு வர்றததான் குடுக்கறேன். மாத்திக் கேக்கக் கூடாதும்மா."

"நான் எங்க கேட்டேன்? பெத்த பொண்ணு உள்ள உக்காந்திருக்கா, நான் வாயத் தொறந்து கேட்டா ஊரு என்ன பேசும்?"

ஆல்பினா நிமிர்ந்த தலையோடு குழம்புக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போவார். வெளியே மாற்றவும் மாட்டார். அதுவும் சலுகை போலத் தெரியுமாம். கோவாரிக் வீட்டு அலமாரியில் குழம்புக் கிண்ணங்கள் வாத்துக்கூட்டம் போல எல்லாம் ஒரே பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டு நின்றன.

ஒரு செவ்வாய் மதியம், புதுப் பெட்டியின் வைக்கோலுக்குள் கை விட்டபோது பெர்னீஸுக்கு அகலமான விளிம்பு தட்டுப்பட்டது. நீள்வட்டத் தட்டு. எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறி ஆபரேட்டர் அறைக்குப் போனாள்.

படம் ஓட்டுபவன் லூமிர். ரயில் நிலையத்திலிருந்து படப்பெட்டிகளையும் பீங்கான் பெட்டிகளையும் தூக்கி வருபவனும் அவன்தான். நாள் முழுக்க மற்றவர்கள் பேசுவதைக் கேட்கிற வேலை என்பதால் தானாகப் பேசுவதில்லை.

"இத இங்க வச்சுக்கோ. யாரு கேட்டாலும் இல்லன்னு சொல்லு."

"இங்க யாரும் வரமாட்டாங்க."

"ஏன்னு கேக்க மாட்டியா?"

லூமிர் தட்டைப் பார்த்தான். "எனக்கும் சாப்பிடத் தட்டு இல்ல," என்றான்.

அன்றிலிருந்து அவன் சாயங்காலச் சாப்பாடு அந்தத் தட்டில். உருளைக்கிழங்கு ஒரு ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும், மீதி இடம் எல்லாம் ரோஜா. பெர்னீஸ் இடைவேளையில் தட்டு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கப் போவாள். பிறகு இடைவேளை இல்லாதபோதும் பார்க்கப் போனாள். பீங்கான் மேல் அவளுக்கு அவ்வளவு அக்கறை வந்துவிட்டது.

அந்தக் கோடையில்தான் விளக்குப் பலகை வந்தது. ஹாவெல்கா ஒமாஹா நகரத்திலிருந்து பிங்லி என்ற புகைப்படக்காரரை வரவழைத்தார். பிங்லியின் காமிரா முக்காலி மேல் சாவி கொடுத்த கடிகாரம் போலத் தானாகத் திரும்பும். இடது ஓரத்தில் ஆரம்பித்து நிதானமாக வலது ஓரம்வரை பார்த்துக்கொண்டே போகும். தெரு நடுவில் அதை வைத்து, ஊரை அதைச் சுற்றி வில் போல வளைத்து நிறுத்தினார்கள். படத்தில் நிற்பவர்களுக்கு அன்றைய காட்சி இனாம் என்று ஹாவெல்கா சொல்லியிருந்தார். பக்கத்து ஊரில் பிறந்தவர்கள்கூட லீடாக்காரர்கள் ஆகிவிட்டிருந்தார்கள்.

பிங்லி நாற்காலி மேல் ஏறிக் கத்தினார். "பசங்களா, ஒவ்வொரு ஊர்லயும் ஒருத்தன் இதச் செய்வான். காமிரா தாண்டினதும் பின்னாடி ஓடிப்போய் அந்தக் கோடியில நிப்பான். படத்துல ரெண்டு தடவ விழுவான். இங்க எவனாவது ஓடினா காத அறுத்துடுவேன்!"

பின்னால் நின்று கண்காணிக்க ஊர்ப் போலீஸ்காரரை வைத்திருந்தார்கள். கடைசி நேரத்தில் அவருக்கும் படத்தில் விழ ஆசை வந்து வரிசைக்குள் நுழைந்துவிட்டார்.

பெர்னீஸ் இடது ஓரத்தில், ஆல்வினுக்குப் பக்கத்தில். காலடியில் ஹாவெல்காவின் நாய். ஆல்பினா நடுவில், தியேட்டர் வாசலுக்கு நேராக. காமிரா திரும்ப ஆரம்பித்தது. அப்போது வலது ஓரத்தில், பக்கவாசல் திறந்தது. எல்லோரும் வெளியே வர வேண்டும் என்பது முதலாளி உத்தரவு. லூமிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே வந்தான். கையில் தட்டு. வெயிலில் ரோஜாக்கள் தெரு கடந்து மின்னின.

ஊர் முழுக்கக் காமிராவையே பார்த்துக்கொண்டிருந்ததால் பெர்னீஸைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. ஆனால் காமிரா பார்க்கும். படத்தை அம்மா பார்ப்பாள். தட்டு கிடைத்தால் கல்யாணம்.

"ஆல்வின், நான் போகணும்."

"அசையாத," என்றான் ஆல்வின், உதட்டை அசைக்காமல். "இப்ப நம்மளத்தான் பாக்குது."

காமிரா அவர்களைப் பார்த்தது, தாண்டியது. பெர்னீஸ் ஓடினாள். பாவாடையைத் தூக்கிப் பிடித்து, பிங்லியின் முதுகுக்குப் பின்னால், தொப்பி பறக்க, ஒரு செருப்புக் குதிகால் மடங்க ஓடினாள். விளையாட்டு என்று நினைத்து நாயும் ஓடியது, ஆனால் வரிசைக்கு முன்னால், காமிராவின் கண்ணெதிரே. பையன்களை மட்டும் தேடிக்கொண்டிருந்த பிங்லிக்கு அது முடிவதற்குள் புரியவே இல்லை.

"கீழ வை!" என்றாள், மூச்சு வாங்க, லூமிரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே.

"எத?"

"தட்ட!"

"நாய் இருக்கு." பிறகு யோசித்துச் சொன்னான். "ஒரு கொலாச் பன்னு இருக்கு. ப்ளம் வச்சது. உனக்காக எடுத்து வச்சேன்."

பெர்னீஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள். லூமிரின் முகத்தைப் பார்த்தாள், அது இன்னும் பலமாக வந்தது. அந்த நேரம் காமிரா வந்து சேர்ந்தது.

படம் கழுவி வர இரண்டு வாரம் ஆயிற்று. ஹாவெல்கா உற்றுக்கூடப் பார்க்காமல் மரச்சட்டம் போட்டு, ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டம் வரும் நேரத்தில் முன்கூடத்தில் மாட்டிவிட்டார். பெர்னீஸ் கூண்டில் மாட்டிக்கொண்டாள். எதிரே வரிசை. படம் முதுகுக்குப் பின்னால். திரும்ப முடியாது. உள்ளே போனவர்கள் முதலில் தங்களைத் தேடும் சத்தம் கேட்டது. "என் மூக்கா இது?" "உன் அப்பா மூக்கு." பிறகு ஒரு குரல், "ஐயோ, நாயப் பாரு!" நாய் காமிரா திரும்பிய பக்கமே ஓடியதால் படத்தில் இழுபட்டுப் போயிருந்தது. முன்கால் முடிதிருத்தும் கடை வாசலில், பின்கால் பாங்கு வாசலில். சிரிப்பு ஆரம்பித்தது. பிறகு, "இது பெர்னீஸ்தானே? அப்ப இது யாரு?" என்றது வேறொரு குரல். சிரிப்பு நின்று, கிசுகிசு ஆகி, மறுபடி இரண்டு மடங்கு சிரிப்பாக வெடித்தது.

வரிசையில் ஆல்பினா வந்தார். பெர்னீஸ் குழம்புக் கிண்ணத்தைக் கொடுத்தாள். ஆல்பினா நிமிர்ந்த தலையோடு உள்ளே போனார்.

மகள் இரண்டாக நிற்பதை அவர் பார்க்கவில்லை. மகள் ஒரு ஆபரேட்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்க்கவில்லை.

"அது என் தட்டு!" என்ற குரல் தெருவரை கேட்டது.

அடுத்து ஓட்டைக்கு வெளியே ஆல்பினாவின் முகம். கையில் குழம்புக் கிண்ணம், துப்பாக்கி பிடித்த மாதிரி.

"தட்டு எங்கடி?"

"மாத்திக் கேக்கக் கூடாதும்மா."

"எங்கன்னு கேட்டேன்."

வரிசை முழுவதும் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. பெர்னீஸ் கூரையைக் காட்டினாள்.

இரும்பு ஏணியில் அதுவரை பெர்னீஸைத் தவிர ஒரு பெண்ணும் ஏறியதில்லை. ஆல்பினா இறகு வைத்த தொப்பியோடு ஏறினார். படம் அப்போதுதான் ஓட ஆரம்பித்திருந்தது. கதவு திறந்த வேகத்தில் லூமிரின் கை பட்டு ஒலி நின்றுபோனது. திரையில் நிலா வெளிச்சத்தில் ஒரு கதாநாயகன், ஒரு கதாநாயகி. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாயை அசைத்தான். சுவர் ஓட்டை வழியாக ஆல்பினாவின் குரல் அரங்கத்தில் இறங்கியது.

"எத்தன நாளா இதுல திங்கற?"

கதாநாயகி வெட்கப்பட்டுக் கண்களைத் தாழ்த்தினாள்.

"தெனமும்தான், கோவாரிக்கம்மா," என்றது லூமிரின் குரல்.

அரங்கம் நாற்காலிகளில் புரண்டது. லீடா ஒலிப்பெட்டியில் அதைவிட நல்ல வசனம் வந்ததில்லை.

"கழுவறதுண்டா?"

"தெனமும். துணியாலதான் தேய்ப்பேன். ரோஜா போயிடக் கூடாதுன்னு."

திரையில் கதாநாயகன் மண்டியிட்டான். மேலே ஆல்பினா தட்டை விளக்கடியில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்தது. ஒரு கீறல் இல்லை. அவர் வீட்டில் இருந்த தட்டுகள்கூட அப்படி இல்லை.

"சரி," என்றார் கடைசியில், குரல் இறங்கி. "குடு. கல்யாணத்துக்கு வேணும்."

அதற்குள் பெர்னீஸ் கூண்டைத் திறந்துபோட்டுவிட்டு வந்திருந்தாள். வழியில் முதல் தடவையாகப் படத்தைப் பார்த்தாள். நின்று பார்த்தாள். இடது ஓரம் போனாள், வலது ஓரம் வந்தாள். ஏன் வேண்டாம் என்ற கேள்விக்குப் பதில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவள் ஏணியில் பாதி ஏறியபோதே கத்திவிட்டாள்:

"குடுக்காத, லூமிர்!"

அரங்கம் முழுக்க ஒரே சமயம் தலை திருப்பி ஆல்வினைப் பார்த்தது. மூன்றாவது வரிசையில் இருந்தான். எழுந்தான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான்.

"நானும் படத்தப் பாத்தேன்," என்றான். "மூணு வருஷமா ஞாயித்துக்கெழம இவ வீட்டுக்குப் போறேன். இவளுக்கு இவ்வளவு பல்லு இருக்கறதே எனக்குத் தெரியாது." வேறு எதுவும் சேர்க்கத் தோன்றவில்லை போல. "சத்தத்தப் போடுப்பா, கத புரியல."

உட்கார்ந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். பீங்கான் ஒன்று எங்கோ உடைந்தது. அதற்கும் கை தட்டினார்கள்.

ஆனால் ஆல்பினா ஆல்பினாதான். மாப்பிள்ளை மாறலாம், நிபந்தனை மாறாது. மூளிச் செட்டோடு கல்யாணம் இல்லை. தட்டு வந்தாயிற்று, மூடி எங்கே? ஆல்வினுக்காக மூடியை விட்டுக்கொடுத்தவர், சத்தம் இல்லாத ஒரு ஆபரேட்டருக்காக விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

"கம்பெனிக்காரன் மூடியே செய்யலம்மா," என்றாள் பெர்னீஸ். "ஊருக்கே தெரியும். இத நான் மறைக்கல. சத்தியமா."

"அப்ப காத்திரு."

லூமிர் தொண்டையைக் கனைத்தான். படச்சுருள் அடுக்கி வைக்கும் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துவந்து ஆல்பினா முன்னால் வைத்துத் திறந்தான். உள்ளே பஞ்சுக்கு நடுவில், ஒவ்வொன்றாகக் காகிதம் சுற்றி, சர்க்கரைக் கிண்ண மூடிகள். லீடாவுக்கு வந்த மூடிகள் எல்லாம். ரயில் நிலையத்திலிருந்து பெட்டி தூக்கி வந்தவன் அவன்தானே. கோவாரிக் வீட்டு நிபந்தனை காதில் விழுந்த வாரமே ஆரம்பித்துவிட்டிருந்தான். பெர்னீஸ் தட்டோடு ஏணி ஏறி வருவதற்கு ரொம்ப முன்னால்.

பெர்னீஸ் டப்பாவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, நான் தட்ட மறைக்கறதுக்கு முன்னாடியே..."

"மூடிய மறைச்சுட்டேன்," என்றான் லூமிர்.

"ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ கேக்கல."

ஆல்பினா ஒரு மூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஊரின் அத்தனை சர்க்கரையிலும் இவ்வளவு காலம் ஈ மொய்த்தது இவனால்தான் என்று அவருக்கு மெதுவாக விளங்கியது. தன் மகளுக்காக என்பதும் விளங்கியது. முதல் விஷயத்துக்குக் கோபப்பட வாய் திறந்தார். இரண்டாவது விஷயம் குறுக்கே வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டார். மூடியையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அறுவடை முடிந்ததும் கல்யாணம். ஊர் மன்றத்தில் விருந்து. வறுத்த வாத்து, மாவு உருண்டை, புளித்த முட்டைக்கோஸ். நடு மேஜையில் ரோஜாத் தட்டில் பெரிய வாத்து. மற்ற மேஜைகளில் குழம்பு எதில் ஊற்றுவது என்ற பிரச்சினையே எழவில்லை. மேஜைக்கு ஒன்றாகக் குழம்புக் கிண்ணங்கள் போய் நின்றன, அப்புறமும் மீந்தன. ஆல்வின் எல்லாப் பெண்களோடும் போல்கா ஆடினான். நன்றாக ஆடினான். அவனுக்கு ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை.

நடனம் உச்சத்தில் இருக்கும்போது பெர்னீஸ் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக வந்தாள். கூண்டில் கொடுப்பது போலவே கொடுத்தாள்: ஒருத்திக்கு ஒன்று, மாற்றிக் கேட்கக் கூடாது. பெண்கள் வாங்கிப் பார்த்தார்கள். ரயில் நிலையத்திலிருந்து பெட்டி தூக்கி வந்தவன் யார் என்பது எல்லோருக்கும் நினைவு வந்தது. பிறகு என் அம்மாதான் முதலில் எழுந்தாள் என்று சொல்வார்கள், ஒரு கையில் மூடி, மறு கையில் கரண்டி.

"எங்க அந்தத் திருட்டுப் பய?"

லூமிர் கல்யாணக் கோட்டோடு ஓடினான். லீடாவின் பெண்கள் அத்தனை பேரும் பின்னால் ஓடினார்கள். ஹாவெல்காவின் நாயும் ஓடியது. மன்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். அதைப் படம் எடுக்க அன்று யாரும் இல்லை.